இடப்பக்கம் நின்றவர்கள்

எங்கள் வீட்டில் கண் பரிசோதனை என்பது கண் கெட்டவர்களுக்கு மட்டும் உரிய சலுகை. அந்தத் தகுதி எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கிடைத்தது. முதலில் கரும்பலகை மங்கியது, அடுத்துக் கணக்கில் மதிப்பெண் மங்கியது, பிறகு கண்ணாடி வந்தது. அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் சித்திரை வெயிலில், சங்கரன்கோவிலில் பேருந்து ஏறித் திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன். பள்ளிக்கூடம் முடிந்தது, பொறியியல் கல்லூரி முடிந்தது, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது, அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் ஆகிவிட்டது. மாறாமல் இருந்தது ஒன்றுதான். துணைக்கு அப்பா வருவார். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கும் பெண், தனியாகப் போய் ஓர் எழுத்து அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிவர முடியாது என்பது எங்கள் குடும்பத்தின் முடிவு.

அப்பா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் நின்றபடியே வீட்டுக்குள் இருட்டு மூலையில் இருக்கும் மீட்டரின் எண்களைப் படித்துவிடுவார் என்று ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தத் திறமை மிகவும் உதவியாக இருந்தது. அறுபதைத் தாண்டிய வயதிலும் கண்ணாடி கிடையாது. அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பவர் அவர்தான். கொடுத்துவிட்டு, "இந்த வீட்ல கண்ணுன்னு ஒண்ணு எனக்கு மட்டுந்தான் இருக்கு" என்று என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் நான் உள்ளே போயிருக்கும் நேரம் முழுவதும் அவர் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கும். வலி இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் பார்வையைப் பறிக்கும் கண் நீர் அழுத்த நோயைப் பற்றியது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அப்பா அதைக் கடைசி வரிசை நாற்காலியிலிருந்து பக்கத்தில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுவார். அடியில் கடுகளவு எழுத்தில் போட்டிருக்கும் அச்சகத்தின் முகவரி வரை விடமாட்டார். கேட்டவர்கள் வியந்து பாராட்டுவார்கள். அந்தப் படத்தில் இருந்த எல்லாச் சொல்லையும் அவர் படித்துவிட்டார். அது தன்னிடம்தான் பேசுகிறது என்பதை மட்டும் படிக்கவில்லை.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். என் அண்ணன் கல்யாணத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து விசேஷ வீடுகளில் சாப்பாடு இரண்டாம் பட்சம். வாசலில் நிற்கும் வீட்டுக்காரர் வருகிறவரின் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று கேட்க வேண்டும். அதுதான் முதல் பந்தி. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் மறுநாள் மறந்துவிடுவார்கள். பாயசம் பத்தவில்லை என்றால் அடுத்த கல்யாணம் வரை பேசுவார்கள். "வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல" என்றால் அது பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போகும். இதில் மேல்முறையீடு கிடையாது. சாட்சி தேவையில்லை. கேட்கப்படாதவர் சொன்னால் போதும்.

அப்பா இந்தக் கலையில் தேர்ந்தவர். உரத்த குரல், நல்ல ஞாபகம். கிட்டத்து உறவு, தூரத்து உறவு யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவரைத்தான் மண்டப வாசலில் நிறுத்துவார்கள். சொந்த மகன் கல்யாணத்தில் கேட்கவே வேண்டாம். பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக விடியற்காலையிலிருந்து நின்றார்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான், மூத்தவள். மாமாவுக்கு மூட்டு வலி என்பதால் தனியாக, சீர்த் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, பேருந்தில் வந்திருந்தாள். மண்டபத்துப் படியேறி அப்பாவுக்கு இடப்பக்கம் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த மின்வாரியப் பொறியாளரை அப்பா "வாங்க சார், வாங்க" என்றார். பால்காரரை வாங்க என்றார். தெரு முனையில் இஸ்திரி போடுகிறவரை, அவர் மனைவியை, அவர்களுடைய குழந்தையை வாங்க என்றார். அத்தையைக் கேட்கவில்லை. தட்டோடு நின்று பார்த்தாள். பிறகு தட்டை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு, கை நனைக்காமல் அடுத்த பேருந்தில் ஊருக்குப் போய்விட்டாள். முகூர்த்த நேரத்தில் அத்தையைத் தேடியபோது நாற்காலியில் தட்டு மட்டும் உட்கார்ந்திருந்தது.

நடந்ததை, எந்தப் பக்கம் நின்றாள் என்பது வரை, உறவினர்களிடம் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து போன் செய்தால் எடுப்பாள், குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். அழைப்பது தெரிந்தும் எடுக்காமல் இருப்பது அவமரியாதை இல்லையா, அதனால் எடுத்துவிட்டு வைப்பாள்.

குடும்பம் கூடி, அப்பா ஏன் அத்தையைக் கேட்கவில்லை என்று காரணம் ஆராய்ந்தது. ஒன்று, அம்மா தூண்டிவிட்டிருக்கிறாள். எந்தச் சண்டைக்கும் இது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட காரணம். இரண்டு, மகள் சம்பாதிக்கிறாள், தலைக்கனம் வந்துவிட்டது. மூன்று, புதுச் சம்பந்தி வசதியானவர், பழைய சொந்தம் இனித் தேவையில்லை. நான்காவது காரணத்தை அம்மாவே சொன்னாள். கல்யாணத்தில் கண்பட்டுவிட்டதாம். பூசணிக்காய் உடைத்தோம். அப்பா ஐந்தாவதாக ஒன்று சொன்னார். "அவ வரவே இல்ல. தட்ட யார்ட்டயோ குடுத்து விட்டுட்டுக் கத விடுதா." கண் என்கிற உறுப்பை யாரும் சந்தேகிக்கவில்லை. அது ஊரறிந்த நல்ல கண்.

அத்தை மட்டும் இல்லை. அம்மாவுக்குச் சித்தப்பா முறையாகிற ராயகிரிக்காரர் ஒருவரைத் தேரடியில் பார்த்தும் பார்க்காதது போல அப்பா போய்விட்டாராம். கூட வேலை பார்த்த ஓர் அண்ணாச்சி வணக்கம் சொல்லி, சொன்ன கையை வெறுமனே கீழே இறக்கினாராம். இதற்கிடையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இடது கண்ணாடி வாசல் கேட்டில் இடித்து உடைந்தது. மாற்றினோம். அதுவும் உடைந்தது. கேட்டைச் சின்னதாக வைத்த கொத்தனாரை அப்பா திட்டினார். சாப்பிடும்போது இடது கைப்பக்கம் வைத்த தண்ணீர்த் தம்ளரைத் தட்டிவிட்டு, "இங்கன யாரு இத வச்சது?" என்று அம்மாவைத் திட்டினார். என் வேலையில், ஒன்று சரியாக இயங்குகிறது என்று எழுதும் முன் அதை யார் சோதித்தார்கள் என்று கேட்போம். எங்கள் வீட்டில் அப்பாவைப் பற்றி அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. கொத்தனாரும் அம்மாவும் கைவசம் இருக்கும்போது தேவையும் இல்லை.

அடுத்த சித்திரையில் வழக்கம்போல என் முறை வந்தது. வழக்கம்போல அப்பா துணைக்கு வந்தார். அன்று விவரம் எழுதிக்கொள்ள உட்கார்ந்திருந்த பெண் புதியவள். என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், "வீட்ல யாருக்காவது கண் நீர் அழுத்தம் இருக்கா மேடம்?" என்றாள்.

"தெரியாது. யாருக்கும் பார்த்ததில்லை" என்றேன்.

"சாருக்கு?"

அப்பா சிரித்தார். "எனக்கா? அந்தா சுவத்துல மாட்டிருக்கீய பாருங்க, அதுல அடியில அச்சாபீசு விலாசம் போட்டிருக்கு. இங்கன இருந்தே சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. மேடத்துக்கு முடிய மத்தியானம் ஆயிரும். சும்மா உக்காந்திருக்கதுக்கு நீங்களும் பாத்துக்கிடலாம்லா. டெஸ்ட் ரூம்ல ஏ.சி. இருக்கு."

அப்பா எழுந்துவிட்டார். அவருடைய மிச்சப் பார்வையைக் காப்பாற்றியது விழிப்புணர்வுப் படம் அல்ல, படித்த மகள் அல்ல, எங்கள் ஊர்க் கோமதி அம்மன் என்று அம்மா சொல்வாள். நான் நேரில் பார்த்த வரையில் அது ஏ.சி.

எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்தார். வேண்டுமானால் பின்னாலிருந்தும் படிக்கிறேன் என்றார். அடுத்து, கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவி. ஒரு முறை பார்த்தார்கள், மறுபடியும் பார்த்தார்கள். பிறகு வேறொரு கருவியில் பார்த்தார்கள். அதற்கும் பிறகு ஓர் அறைக்குள் கூட்டிப்போய், பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரங்களில் அங்கங்கே சின்னதாக ஒரு வெளிச்சம் வந்து போகும். தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும்.

வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியமாகச் சொன்னார். "மெசினு லூஸ் காண்டாக்ட் போலட்டி. லைட்டு விட்டு விட்டுத்தான் வருது. ரொம்ப நேரம் சும்மாவே உக்காந்திருந்தேன். எலக்ட்ரீசியனக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

கண்ணில் மருந்து விட்டு நரம்பைப் பார்த்த பின், மருத்துவர் எங்களை உட்காரவைத்து இரண்டு தாள்களை மேசையில் போட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். ஒவ்வொரு தாளிலும் ஒரு வட்டம். வலது கண்ணின் வட்டத்தில் இடப்பக்க ஓரம் மட்டும் கறுத்திருந்தது. இடது கண்ணின் வட்டம் ஏறக்குறைய முழுவதும் கறுப்பு. நடுவில் ஒரு காசளவு வெளுப்பு.

"இந்த நடு மட்டும் மிச்சம் இருக்கறதால எழுத்தெல்லாம் நல்லாப் படிச்சிடறீங்க. சுத்தியுள்ளது போயிடுச்சு. போனது திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். தினமும் ராத்திரி சொட்டு மருந்து விடணும், ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது."

"மேடம், வலிக்கவே இல்லியே."

"வலிச்சிருந்தா எப்பவோ இங்க வந்திருப்பீங்க."

"நான் வருசா வருசம் வந்துட்டுத்தான் இருக்கேன் மேடம்" என்றார் அப்பா. "வெளிய உக்காந்துட்டுப் போயிருவேன்."

மருத்துவர், கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். இது குடும்பத்தில் வருகிற நோய், உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் உடனே பார்த்தாக வேண்டும், இன்றே உங்கள் மகளுக்கும் பார்த்துவிடுவோம் என்றார்.

"ஒரு அக்கா இருக்கா. பேச்சுவார்த்த இல்ல."

"அவங்களுக்கும் அழுத்தம் இருந்தா, நீங்க சமாதானம் ஆகற வரைக்கும் அது காத்துட்டு இருக்காது சார்."

அப்பாவுக்கு நியாயம் சொல்லியாக வேண்டும். "பையன் கல்யாணத்துல வாங்கன்னு கேக்கலன்னு கோவிச்சுட்டுப் போய்ட்டா மேடம். நான் சத்தியமா அவளப் பாக்கவே இல்ல. முன்னாடிதான் நின்னேன்னு சொல்லுதா. நின்னிருந்தா எனக்குத் தெரியாதா?"

"எந்தப் பக்கம் நின்னாங்க?"

அப்பா மண்டப வாசலை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்திருப்பார் போல. "எனக்கு இடப்பக்கம்" என்றார்.

மருத்துவர் இடது கண்ணின் தாளை அப்பாவின் பக்கம் லேசாகத் திருப்பி வைத்தார். 

எனக்கும் எல்லாச் சோதனையும் செய்தார்கள். வெறும் கிட்டப்பார்வை மட்டும்தான். ஊரில் கண் கெட்டவள் என்று பெயரெடுத்த எனக்கு ஒன்றும் இல்லை.

திரும்பும் பேருந்தில், மருந்து விட்ட கண்ணில் வெயில் கூசக் கூச, பனவடலிசத்திரம் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"தட்டுல என்ன வச்சிருந்தா?"

"பழம், தேங்காய், புது மதினிக்கு ஒரு பட்டுச் சேலை."

"என்ன கலரு?"

"அரக்கு."

"ம்" என்றார். 

அன்றே போன் செய்தார். அத்தை எடுத்தாள், "அக்கா" என்ற சத்தம் கேட்டதும் வைத்தாள். நான் செய்தேன். "யாரு?" என்றாள், சொன்னேன், வைத்தாள். மருத்துவர் சொன்னதைக் குரல் செய்தியாக அனுப்பினேன். கேட்டதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. ஒரு நோய் வந்து அக்காவையும் தம்பியையும் பிரித்தது, அதே நோயைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டும், சொல்ல முடியாதபடி பிரிந்திருக்கிறார்கள். நான் சோதிக்கும் மென்பொருளில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். இங்கே யாரைக் கூப்பிடுவது என்று தெரியாததால் கரிவலத்துக்குப் பேருந்து ஏறினேன். தனியாகத்தான். கண் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் துணை தேவை போல.

அத்தை முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு, சங்கரன்கோவில்காரியா. பஸ்ஸு மாறி ஏறிட்டியோ?"

"உங்களப் பாக்கத்தான் வந்தேன் அத்தை."

"எங்களப் பாக்குததுக்கு உங்க வீட்ல ஆளு இருக்கா? இஸ்திரி போடுதவனத்தான் பாப்பீய."

அப்பாவுக்கு வந்திருப்பதைச் சொன்னேன். அவள் உளுந்தில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"உங்க அப்பன் தெருவுல நின்னு மீட்டரு பாக்குத பய. அவனுக்குக் கண்ணு தெரியலையாம். எங்க சாதி சனத்துலயே அப்படி ஒரு கண்ணு கெடையாது. நல்லாத்தான் படிக்க வச்சிருக்கான் ஒன்ன, கத கட்டுததுக்கு."

"கதையில்ல அத்தை. நேரா உள்ளது தெரியுது. பக்கவாட்டுல உள்ளது தெரியல."

"ஆமா. ஆபீசர் வந்தாத் தெரியும். அக்கா வந்தாத் தெரியாது. நல்ல சீக்கு."

கைபேசியில் அந்தத் தாளின் படத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். "என்னட்டி இது, மை கொட்டுனாப்ல."

"அப்பாவோட இடது கண்ணு. நடுவுல வெள்ளையா இருக்கில்லா, அங்கதான் பொறியாளர் நின்னாரு. நீங்க நின்னது இங்கன." கறுப்பின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினேன்.

சுளகு நின்றது.  பிறகு, "கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் வரையலாம்" என்றாள். கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம், நீங்களும் வந்து பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. "எனக்கு என்னத்துக்கு? நான் எல்லாரையும் பாத்து வாங்கன்னு கேக்கேம்லா." அதற்கு அத்தாட்சியாக எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அடுக்களையில் இருந்தாள். நான் உள் அறையில் மடிக்கணினியோடு அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். அப்பா முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு வாசல் அந்த நாற்காலிக்கு இடப்பக்கம். கதவு திறந்திருந்தது. அத்தை வந்து நின்றாள்.

கோவிலுக்கு வந்திருக்கிறாள். நெற்றியில் கோவில் பிரசாதமான புற்றுமண். கையில் அர்ச்சனைக் கூடை. அம்மா அவளைப் பார்த்துவிட்டு "மதினி" என்று வாயெடுத்தாள். அத்தை உதட்டில் விரலை வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே ஓரெட்டு வைத்து நின்றாள். அப்பா செய்தியில் இருந்தார். அத்தை கையை நீட்டி, கோழியை விரட்டுவது போல ஆட்டினாள். அப்பா திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து ஆட்டினாள். இல்லை. நான் எழுந்து அறை வாசலுக்கு வந்துவிட்டேன். மருத்துவர் தன் விரலைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எங்கே தெரிகிறது என்று அப்பாவிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. அத்தை அதை யாரிடமும் படிக்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது தம்பி பொய் சொல்கிறானா என்பது மட்டும்.

அவள் கை ஏறக்குறைய தொலைக்காட்சியை மறைக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஏ அக்கா. வா, வா. எப்ப வந்த?"

அத்தை அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்பத்தாம்ல" என்றாள். அம்மாவைப் பார்த்து, "குடிக்கத் தண்ணி கொண்டா தாயி" என்றாள். அண்ணன் கல்யாணத்தன்று நனையாமல் போன கை. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரை அப்பாவின் வலப்பக்கம் வைத்தாள்.

"ஏலே, கண்ணு தெரியலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானல."

"தெரியலன்னு எனக்கே தெரியலக்கா."

கூடையிலிருந்து புற்றுமண்ணை எடுத்து அவர் கண்ணைச் சுற்றித் தடவப் போனாள். நான் குறுக்கே புகுந்து, மண் நெற்றிக்கு, மருந்து கண்ணுக்கு என்று இலாகா பிரித்துக் கொடுத்தேன். இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

சமாதானம் முடிந்தது என்று நினைத்தால், பரிசோதனைக்கு வர மறுத்தாள். காரணங்கள் வரிசையாக வந்தன. உளுந்து காயப்போட்டிருக்கிறாள். மாமாவின் மூட்டுக்கு எண்ணெய் தேய்க்க ஆளில்லை. எருமை வேறு யார் கைக்கும் பால் தராது. அடுத்த வாரம் மழை வரும், மழை வராவிட்டால் வெயில் இருக்கும். கடைசியில் உண்மையைச் சொன்னாள். "இருக்குன்னு சொல்லிட்டா என்ன செய்ய? தெரியாம இருந்துட்டா நிம்மதியாவாது இருப்பேன்."

"நானும் அப்படித்தான் நிம்மதியா இருந்தேன்" என்றார் அப்பா. அவள் அசையவில்லை. அவர் அலமாரியில் இருந்த சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து அவள் மடியில் போட்டார். "நீ வரலன்னா எனக்கு இது வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போ."

"ஏட்டி, இவன் என்னட்டி சின்னப்பிள்ள மாதிரி."

"விட மாட்டாரு அத்தை" என்றேன். "அம்மா சொன்னாலும் கேக்க மாட்டாரு."

அத்தை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்தது கொஞ்சம்தான். "திங்கக்கிழம வாரேன்" என்றாள். "பசிச்சாப் போற வழியில ஓட்டல்ல வாங்கித் தரணும். அங்கன ஆஸ்பத்திரி இட்லியத் திங்க மாட்டேன்."

திங்கட்கிழமை அப்பாவுக்கு ஒரு மாறுதல். காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சுவர்ப்படத்தைப் படித்துக் காட்டவில்லை. "உங்களுக்குப் பாத்தாச்சா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். துணைக்கு வந்தவன் என்று யாராவது சொன்னால், "நானும் துணைக்கு வந்தவந்தான்" என்றார். இரண்டு பேர் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

அத்தை அந்தக் கிண்ணத்தின் அறைக்குள் போய் வெகு நேரம் ஆயிற்று. அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பி. கடைசியில் வந்தாள், முகமெல்லாம் வெற்றி.

"ஒரு லைட்டையும் விடலட்டி. வந்ததையும் வாங்கன்னு கேட்டேன், வராததையும் வாங்கன்னு கேட்டேன். விட்டாத்தான கோவிச்சுக்கிடும்."

பின்னாலேயே சோதனை செய்த பெண் வந்தாள். "அம்மா, லைட் தெரிஞ்சா மட்டுந்தான் அமுக்கணும். நீங்க இருட்டுலயும் அமுக்கியிருக்கீங்க. இது செல்லாது. திரும்ப எடுக்கணும்."

"ஒருத்தரக் கேக்காம விட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

"இங்க வராதவங்களக் கேக்கக் கூடாதும்மா."

மறுபடியும் உள்ளே போனாள். நாங்கள் மறுபடியும் காத்திருந்தோம். அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். என்னிடம், "அவளுக்கு இருந்தா என்னாலதான்" என்றார். எந்த அறிவியலின்படி என்று நான் கேட்கவில்லை.

அதே மருத்துவர்தான் பார்த்தார். இரண்டு தாள்களை மேசையில் போட்டார். இரண்டும் வெளுப்பாக இருந்தன. அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அழுத்தம் இரண்டு கண்ணிலும் அதிகமாக இருக்கிறது, நரம்பில் இப்போதுதான் தொடக்கம், பார்வை எதுவும் இன்னும் போகவில்லை, சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள், மருந்தை விடாமல் விட்டு, சொல்கிற தேதியில் வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார்.

"அப்ப எங்க தம்பிக்கு?" என்றாள் அத்தை.

"அவர் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

"முன்னாடியே வந்துட்டான்லா தாயி. வெளியவே உக்காந்திருந்திருக்கான், கூறு கெட்டவன்."

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் எங்கள் உறவினர்கள் மனம் புண்படும். ராயகிரிக்காரருக்கு விஷயத்தைச் சொன்னோம். "கூடப்பிறந்தவளுக்குன்னா சீக்கு, எங்களுக்குன்னா திமிரு" என்று சொல்லிவிட்டார். அவமானத்தை அவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தவருக்கு, அது வெறும் நரம்புக் கோளாறு என்றதும் அதை விட்டுக்கொடுக்க மனம் வருமா? உங்களுக்கும் நாற்பது தாண்டி வெகு நாள் ஆகிறது, பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றேன். அது தனி அவமரியாதையாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போன் அடிக்கிறது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் நம்புவதில்லை.

"விட்டியா?"

"விட்டேன். நீ?"

"நான் அப்பவே விட்டாச்சு."

"பொய் சொல்லாதக்கா. டி.வி. சத்தம் கேக்கு. மருந்து விட்டுட்டுக் கண்ண மூடிக் கெடக்கணும்லா."

"இந்தா மூடுதேன். நீ மொதல்ல வையி."

யாரும் முதலில் வைப்பதில்லை.

அண்ணனும் பார்த்துவிட்டான், ஒன்றும் இல்லை. அம்மா மட்டும் மிச்சம். தனக்கு ஒன்றும் இல்லை என்கிறாள். அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் இல்லையாம். யாருக்கும் பார்த்ததில்லை என்பதால் அவள் சொல்வதை மறுக்க வழியில்லை. ஊசியில் நூல் கோக்க அப்பாவைத் தேடுகிறவள், தேடவில்லை என்று சாதிக்கிறாள். புள்ளிவிவரம் சொல்லிப் பார்த்தேன், அந்தக் கறுப்புத் தாளைக் காட்டிப் பார்த்தேன், அப்பாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அசையவில்லை. நேற்று, கத்திரி வெயிலில் அடுக்களையில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அங்கே டெஸ்ட் ரூமில் ஏ.சி. இருக்கிறது என்று சும்மா சொல்லிவைத்தேன்.

"நல்லா குளிருமா?" என்று கேட்டாள்.